கடற்பறவைப் பேன்கள்: சேகரிப்பிலிருந்து வகைப்பாடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூருக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு இருப்பதால், கடற்பறவைகளின் உடலில் வாழும் பேன்களைப் பற்றிப் படிக்க விரும்பும் இப்பகுதி விலங்கியல் மாணவர்கள், அது கடற்கரையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இயலும் வேலை என்று எண்ணி விலகிவிடுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று. காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே காணப்படும் நீர்க்காகமும் மீசை ஆலாவும் கூழைக்கடாவும், கடலையே வாழிடமாகக் கொண்ட பூபி, பிரிகேட் பறவை, கடற்காகம் முதலியவற்றின் உறவினங்கள் ஆதலால், அவற்றின் மேல் வாழும் பேன்களும் பெரும்பாலும் அதே பேரினங்களைச் சேர்ந்தவை. மேலும், 2020 நவம்பரில் நிவர் புயலும் 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலும் கரை கடந்தபின் வட ஆர்க்காட்டுப் பக்கம் நகர்ந்ததைப் போன்ற வேளைகளில், ஆழ்கடல் பறவைகள் காற்றில் அடித்துவரப்பட்டு உள்நாட்டில் ஒதுங்குவதும் உண்டு. அப்படி ஒதுங்கிய பறவை கிடைக்கும் நாளில் என்ன செய்வது என்று தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதே இதை எழுதுவதன் நோக்கம்.

தொடங்கும் முன் ஒரு கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பறவையிலிருந்து ஒரு பேன் எடுக்கப்பட்டது என்பதை ஒருபோதும் எழுதாமல் விடக்கூடாது. ஆனால் அந்தப் பறவையின் பெயரைக் கொண்டு பேனின் பெயரை முடிவு செய்யவும் கூடாது. இத்துறையில் நேர்ந்த பெரும் குழப்பங்களில் பல, இவ்விரண்டில் ஒன்றைத் தவறவிட்டதால் வந்தவை.

பேன்களைப் பற்றி முதலில் அறிய வேண்டியவை

பேன் இறக்கையற்ற பூச்சி. கொசுவைப் போலவோ உண்ணியைப் போலவோ வந்து குடித்துவிட்டுப் போகும் ஒட்டுண்ணி அன்று. ஈராக இறகில் ஒட்டப்பட்ட நாள் முதல், மூன்று இளம்பருவங்களைக் கடந்து முதிர்ந்து இறக்கும் வரை, அதன் முழு வாழ்வும் ஓம்புயிரியின், அதாவது அது ஒட்டி வாழும் பறவை அல்லது விலங்கின், உடலிலேயே கழிகிறது. பறவையை விட்டு விலகினால் சில நாட்களுக்கு மேல் அது பிழைப்பதில்லை. ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல உடலோடு உடல் ஒட்டும் தருணம் வேண்டும். கூட்டில் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குச் செல்வதே முதன்மையான வழி. சில இனங்கள், பறவைகளின் இறகுகளுக்கிடையே திரியும் தட்டையான ஒட்டுண்ணி ஈக்களின் காலையோ வயிற்றையோ பற்றிக்கொண்டு இடம் மாறுவதும் உண்டு. இவ்வளவு இறுக்கமான பிணைப்பினால்தான் பறவையின் வரலாறும் பேனின் வரலாறும் பல இடங்களில் இணையாகச் செல்கின்றன.

லின்னேயஸ் 1758-இல் தமக்குத் தெரிந்த பேன்கள் எல்லாவற்றையும் பெடிகுலஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். 1818-இல் ஜெர்மானியரான நிட்ச், மெல்லும் வாயுடைய பேன்களை மாலோஃபேகா என்று பிரித்தார். அந்தப் பெயர் பழைய பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. ஆயினும் அதைப் புதிதாக எழுதும் எதிலும் பயன்படுத்த வேண்டாம். பாலூட்டிகளின் இரத்தத்தை உறிஞ்சும் பேன்கள், மெல்லும் பேன்களின் ஒரு கிளைக்கு உள்ளிருந்தே தோன்றியவை என்பது இப்போது தெளிவாகிவிட்டதால், அவற்றை விலக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் ஒரு குழுவாகக் கருதுவது இயற்கை வகைப்பாடு ஆகாது. இன்றைய வகைப்பாட்டில் பேன்கள் அனைத்தும் ப்திராப்டெரா என்ற குழுவாகவும், அக்குழு முழுவதும் புத்தகப் பேன்களோடும் மரப்பட்டைப் பேன்களோடும் சேர்ந்து சோகோடியா என்ற வரிசைக்குள்ளும் வைக்கப்படுகின்றன. அறியப்பட்ட பேன் இனங்கள் சுமார் 5,000. அவற்றில் மிகப் பெரும்பகுதி பறவைகளில் வாழ்பவை.

ப்திராப்டெராவின் பெரும்பிரிவுகளில் அனோப்ளூரா பாலூட்டிகளுக்கு மட்டும் உரியது. ரிங்கோப்திரினா யானையிலும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகளிலும் மட்டும் வாழ்வது. எனவே கடற்பறவைப் பேன்களைப் படிப்பவர் அம்ப்ளிசெரா, இஸ்க்னோசெரா என்னும் இரண்டை மட்டும் அறிந்தால் போதும். கடற்பறவைகளைப் பொறுத்தவரை வேலை இன்னும் எளிது: அவற்றின் அம்ப்ளிசெரா பேன்கள் மெனோபோனிடே குடும்பத்தையும், இஸ்க்னோசெரா பேன்கள் பிலோப்டெரிடே குடும்பத்தையும் சேர்ந்தவை.

முதற்படி: அனுமதியும் பாதுகாப்பும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, அட்டவணையிலுள்ள காட்டுயிர் ஒன்று இறந்து கிடந்தாலும் அது அரசின் சொத்து. அதைக் கையகப்படுத்துகிறவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். எனவே ஏரிக்கரையில் இறந்து கிடக்கும் நீர்க்காகத்தை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்து ஆராய்வது சட்டப்படி தவறு. துறைத் தலைவரின் கடிதத்துடன் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்து வழி அனுமதி பெற்று, எந்த நோக்கத்துக்காக, எந்தக் கல்லூரியின் பொறுப்பில் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்ட பின்பே சேகரிப்பைத் தொடங்க வேண்டும். உயிருள்ள பறவையைப் பிடித்துப் பேன் எடுப்பதற்குத் தனி அனுமதியும் தனிப் பயிற்சியும் தேவை. தொடக்க நிலையில் இருப்பவர் அதை நினைக்கவே வேண்டாம்.

ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் பறவைக் காய்ச்சலாகவோ நச்சுப் பாதிப்பாகவோ இருக்கலாம். அங்கே எதையும் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். தனியாகக் கிடக்கும் பறவையைக் கையாளும்போதும் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

இரண்டாம்படி: நாட்டுக்கோழியில் பயிற்சி

கடற்பறவைப் பேனைத் தேடுவதற்கு முன், ஊரில் உள்ள நாட்டுக்கோழியிடம் ஒரு மாதமாவது பாடம் படிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பேன் பறவையின் உடலில் எங்கு வேண்டுமானாலும் இருப்பதில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் ஓரிடம் உண்டு, அந்த இடத்துக்கேற்ற உடலமைப்பும் உண்டு. இதைக் கோழி ஒன்றிலேயே முழுவதும் காணலாம்.

இறக்கையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பெரிய இறகுகளின் இழைகளுக்கு இணையாக அசையாமல் படுத்திருக்கும் நீண்ட, மெலிந்த, சாம்பல் நிறப் பேன் லிப்யூரஸ் காபோனிஸ். தலையிலும் கழுத்திலும், அலகால் கோத முடியாத இடத்தில், தலை பருத்து நிற்பது கூக்லோடோகாஸ்டர் ஹெட்டரோகிராபஸ். ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் விரைந்து ஓடும் மஞ்சள் நிறப் பேன் மெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ். இறகுத் தண்டின் மேல் திரிவது மெனோபான் காலினே. முதலிரண்டும் இஸ்க்னோசெரா, பின்னிரண்டும் அம்ப்ளிசெரா. இஸ்க்னோசெரா பேன்கள் பெரும்பாலும் இறகின் மென்பகுதியைத் தின்று, அதைப் பற்றியபடியே மெதுவாக நகர்கின்றன. அம்ப்ளிசெரா பேன்கள் தோலிலும் ஓடித் திரிந்து, தோல் செதிலையும், சில இனங்கள் இரத்தத்தையும் உண்கின்றன. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்டவருக்கு, பின்னர் நுண்ணோக்கியில் காணும் உறுப்பமைப்பு ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானே புரியும்.

ஆலாவிலும் கடற்காகத்திலும் இதே பங்கீடு வேறு பெயர்களில் நிகழ்கிறது: தலையில் உருண்டையான சேமுண்ட்சோனியா, இறக்கையிலும் உடலிலும் மெலிந்த குவாட்ராசெப்ஸ், தோலிலும் இறகிலும் ஓடித் திரியும் ஆஸ்ட்ரோமெனோபான்.

மூன்றாம்படி: பறவையிலிருந்து பேனை எடுத்தல்

இறந்த பறவை ஒவ்வொன்றையும் கண்டெடுத்த இடத்திலேயே தனித்தனிப் புதிய பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும். உடல் குளிரத் தொடங்கியதும் பேன்கள் விலகி நடக்கத் தொடங்குவதால், இரண்டு பறவைகள் ஒரே பையிலோ ஒரே மேசையிலோ கிடந்தால் ஒன்றின் பேன் மற்றொன்றுக்குச் சென்றுவிடும். அப்படிச் சென்றதை எந்த நுண்ணோக்கியாலும் பின்னர் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பையை ஒரு பறவைக்குப் பின் மறுபடி பயன்படுத்துவதும் இதே காரணத்தால் கூடாது. பையை உறைநிலைப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்தால் பேன்கள் இறந்துவிடும்.

பின்னர் வெள்ளைத் தாளின்மேல் பறவையை வைத்து, இறகுகளை வாலிலிருந்து தலை நோக்கி எதிர்த்திசையில் தடவி உலுக்க வேண்டும். தாளில் விழுவதை நுனி மெல்லிய தூரிகையை எத்தனாலில் நனைத்துத் தொட்டு எடுக்கலாம். இடுக்கியால் எடுத்தால் கால்களும் நுண்முடிகளும் முறிந்துவிடும். தலை, கழுத்து, இறக்கை, முதுகு, வயிறு என்று இடம் பிரித்துத் தனித்தனிக் குப்பிகளில் இடுவது கூடுதல் உழைப்புதான், ஆனால் அந்த உழைப்பு பின்னர் மிகவும் உதவும். முழு எண்ணிக்கை தேவைப்பட்டால், இறுதியில் பறவையைச் சலவைத்தூள் கரைத்த நீரில் நன்றாகக் குலுக்கி, அந்த நீரை மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டிப் பார்க்க வேண்டும்.

கூழைக்கடாவைப் பரிசோதிக்கும்போது இறகோடு நிறுத்திவிடாமல், அலகைத் திறந்து தொண்டைப் பையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பியாஜெடியெல்லா என்ற பெரிய அம்ப்ளிசெரா பேன், கூழைக்கடாக்களிலும் சில நீர்க்காகங்களிலும் அந்தப் பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு கூட்டமாக வாழ்கிறது. ஈர் மட்டும் வெளியே இறகுகளில் இடப்படுகிறது. இறகை மட்டும் தேடுகிறவர் இதை முழுவதுமாகத் தவறவிட்டுவிடுவார். அதுபோலவே, கரைப்பறவைகளில் ஆக்டோர்னிதோபிலஸ் பேரினத்தின் சில இனங்கள் பெரிய இறகுகளின் தண்டுக்குள்ளேயே வாழ்கின்றன. தண்டில் கறுத்த புள்ளியோ துளையோ தெரிந்தால் அதைப் பிளந்து பார்ப்பது நல்லது.

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பறவைத் தோல்களும் பேன்களின் நல்ல இருப்பிடம். உலர்ந்த பேன்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் இறகுகளுக்கிடையே அப்படியே இருக்கும். காப்பாளரின் அனுமதியுடனும் கையுறையுடனும் மட்டுமே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் பழைய தோல்கள் ஆர்சனிக் கலவையால் பதப்படுத்தப்பட்டவை.

குப்பியில் ஊற்றும் எத்தனால், உருவ ஆய்வுக்கு மட்டும் என்றால் 70 சதவீதம் போதும். மரபணு ஆய்வும் செய்ய எண்ணினால் 95 சதவீதம் வேண்டும். இதைக் கல்லூரி வழியாகப் பெறுவதே முறை. அக்னி நட்சத்திர வெயிலில் நம் ஊர் ஆய்வகங்களில் மூடி இறுகாத குப்பிகள் விரைவில் வற்றிவிடுவதால், உள்வளையம் உள்ள திருகு மூடிக் குப்பிகளை வாங்கி, மாதம் ஒருமுறை அளவைப் பார்த்து நிரப்பி வர வேண்டும். குறிப்புச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே இட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பறவையின் இனம், ஊர், மாவட்டம், நாள், எடுத்தவர் பெயர், உடலில் எடுத்த இடம் ஆகியவை அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். மாவட்டத்தின் பெயரில் சிறு எச்சரிக்கை: பழைய வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகவும், வேலூர் 2019-இல் மூன்றாகவும் பிரிக்கப்பட்டன, ஆகவே பழைய சீட்டுகளை வாசிக்கும்போது ஆண்டைப் பார்த்து ஊரை உறுதி செய்ய வேண்டும்.

நான்காம்படி: ஸ்லைடு தயாரித்தல்

பேன் எத்தனாலில் மிதக்கும் நிலையில் பேரின அளவு வரைகூட உறுதியாகச் சொல்வது கடினம். உள்ளுறுப்புகள் கரைந்து, உடற்போர்வை மட்டும் ஒளி புகும்படி ஆனபின்தான் நுண்முடிகளும் தகடுகளும் ஆணின் இனப்பெருக்க உறுப்பும் தெரியும். கனடா பால்சம் என்னும் ஒளி புகும் பிசினில் நிலையாக ஏற்றும் பழைய முறையே இன்றும் சிறந்தது. விரைவாக ஆறும் வேறு ஊடகங்கள் சில ஆண்டுகளில் வெடித்தோ கறுத்தோ போகின்றன.

வயிற்றின் பக்கவாட்டில் மிக நுண்ணிய ஊசியால் ஒரு துளை இட்டு, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். சூடாக்கினால் வேகம் கூடும் என்று சிலர் செய்வதுண்டு. ஆனால் இளம்பருவப் பேன்களும் மென்மையான இனங்களும் அதில் சிதைந்துவிடும். கரைசல் தோலைப் பொசுக்கும் தன்மையுடையது என்பதை மறக்கக்கூடாது. பின்னர் வடிநீரில் வைத்து, தட்டையான சிறு கரண்டியால் வயிற்றை மெல்ல அழுத்தி உள்ளிருப்பதை வெளியேற்றி, அசிட்டிக் அமிலம் சில துளிகள் விட்ட நீரில் கழுவ வேண்டும். நிறம் மிக வெளிறிய பேன்களுக்கு மட்டும் ஆசிட் ஃபுக்சின் சாயம் ஏற்றலாம். அதன்பின் 40, 70, 95, 100 சதவீத எத்தனாலில் படிப்படியாக நீரை நீக்கி, கிராம்பு எண்ணெயில் ஒரு நாள் வைத்து, பால்சத் துளியில் ஏற்றிக் கவர் ஸ்லிப்பால் மூட வேண்டும்.

ஒரு ஸ்லைடில் ஒரு பேன். முதுகுப்புறம் மேலே இருக்க வேண்டும். உணர்கொம்புகளும் கால்களும் விரிந்திருக்க வேண்டும். ஸ்லைடைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது தலை கீழ்நோக்கி இருக்கும்படி ஏற்றுவது வழக்கம், ஏனெனில் கூட்டு நுண்ணோக்கி உருவத்தைத் தலைகீழாக்கிக் காட்டும். 40 முதல் 50 டிகிரி வெப்பத்தில் உள்ள உலர்பெட்டியில் சில வாரங்கள் வைத்த பின்பே பால்சம் உறுதியாகும்.

ஐந்தாம்படி: அம்ப்ளிசெராவா, இஸ்க்னோசெராவா

இங்கிருந்துதான் வகைப்பாடு தொடங்குகிறது; இந்த இடத்தில் ஓம்புயிரியின் பெயர் எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனை மட்டும் பார்க்கும்படி என் மாணவர்களை வற்புறுத்துவது வழக்கம்.

முதலில் உணர்கொம்பைத் தேட வேண்டும். தலையின் இருபுறமும் ஐந்து கணுக்களுடன் நூல்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இஸ்க்னோசெரா. தலையின் அடிப்புறத்தில் உள்ள பள்ளத்துக்குள் மடங்கி, நுனி மட்டும் எட்டிப் பார்ப்பதாகவோ முற்றிலும் மறைந்தோ இருந்து, இறுதிக் கணு பருத்திருந்தால் அது அம்ப்ளிசெரா. இரண்டாவதாக வாயைப் பார்க்க வேண்டும். அம்ப்ளிசெராவில் வாயின் இருபுறமும் சிறு உணரிகள் இரண்டு நீட்டியிருக்கும். மேற்புறத்தில் அவற்றை உணர்கொம்பு என்று மயங்குவதே தொடக்கநிலையினரின் வழக்கமான தடுமாற்றம். இஸ்க்னோசெராவில் இந்த உணரிகள் கிடையாது. அம்ப்ளிசெராவின் தாடைகள் தலையின் தளத்துக்கு இணையாகக் கிடைவாக அசைபவை. இஸ்க்னோசெராவில் அவை செங்குத்தாக அமைந்து, இறகு இழையைக் கவ்விப் பிடிக்கப் பொருந்தியவை. மூன்றாவதாக மார்பு. நடுமார்பும் பின்மார்பும் தனித்தனியாகத் தெரிந்தால் பெரும்பாலும் அம்ப்ளிசெரா. இரண்டும் ஒன்றாக இணைந்திருந்தால் இஸ்க்னோசெரா. இரு பிரிவுகளிலும் பறவைப் பேனின் காலில் இரண்டு நகங்கள் இருக்கும். ஒரே நகம் தெரிந்தால் பாலூட்டிப் பேன் எங்கிருந்தோ கலந்துவிட்டது என்று பொருள்.

ஆறாம்படி: பேரினத்தை அறிதல்

இப்போது சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம். கடற்பறவைகளை, அவற்றின் பேன்களின் அடிப்படையில், நான்கு கூட்டங்களாகப் பிரித்துக்கொள்வது வசதியானது.

நமக்கு அருகில் இருப்பது நீர்க்காகம், பூபி, பிரிகேட் பறவை ஆகியவற்றின் கூட்டம். இவற்றின் இஸ்க்னோசெரா பேன் பெக்டினோபைகஸ். உடல் நீண்டு குறுகியது. கூழைக்கடாக்களிலும் இப்பேரினம் உண்டு. இதன் இனங்கள் பெரும்பாலும் ஒன்றோ சிலவோ ஆன ஓம்புயிரி இனங்களோடு கட்டுண்டவை: வடக்கு அட்லாண்டிக்கின் கேனட் பறவையில் பெக்டினோபைகஸ் பசானியும், பிரிகேட் பறவைகளில் பெக்டினோபைகஸ் கிராசிலிகார்னிஸும் வாழ்கின்றன. இப்பறவைகளின் குடிவழியையும் இப்பேன்களின் குடிவழியையும் மரபணு கொண்டு ஒப்பிட்டபோது, தற்செயலாக நேர்வதைவிட மிக அதிகமான இடங்களில் இரண்டும் சேர்ந்தே கிளைத்திருப்பது தெரியவந்தது. அம்ப்ளிசெராவில் நீர்க்காகங்களுக்கும் பூபிகளுக்கும் எய்ட்மன்னியெல்லா உரியது. அகன்ற உடலாலும் மறைந்த உணர்கொம்பாலும் பெக்டினோபைகஸிலிருந்து முதல் பார்வையிலேயே பிரித்தறியலாம். பிரிகேட் பறவைகளில் ஃப்ரெகாடியெல்லாவும் கோல்போசெபாலமும் உண்டு. கோல்போசெபாலத்துக்கு ஓர் உறுதியான அடையாளம்: பின்காலின் தொடைப் பகுதியிலும் வயிற்றின் அடித்தகட்டிலும் சீப்புப் பல் வரிசைகள் போல முட்கள் நிரையாக நிற்கும்.

இரண்டாவது, கடற்காகம், ஆலா, ஸ்குவா, ஆக் ஆகியவற்றின் கூட்டம். மீசை ஆலாவின் வழியே ஏரியிலும், பழுப்புத்தலைக் கடற்காகத்தின் வழியே பழவேற்காட்டிலும் இக்கூட்டத்தை நாம் அறியலாம். சேமுண்ட்சோனியாவின் தலை அகன்றது. முன்னோரம் ஒளி ஊடுருவும் மென்படலமாக முடியும். தலையின் முன்பகுதியில் மேற்புறத்தில் தெளிவான தகடு ஒன்று இருக்கும், அதன் பின்முனையின் வடிவம் இனங்களைப் பிரிக்க உதவும். 1936-இல் இப்பேரினத்தை நிறுவிய டிம்மர்மன், ஐஸ்லாந்து விலங்கியலாளர் ப்யார்னி சேமுண்ட்சனைச் சிறப்பிக்கும் வகையில் இப்பெயரை இட்டார். குவாட்ராசெப்ஸ் மெலிந்தது, தலை முன்னே குறுகியது. சாதாரண ஆலாவில் சேமுண்ட்சோனியா ஸ்டெர்னேயும் குவாட்ராசெப்ஸ் செல்லாட்டஸும் சேர்ந்தே காணப்படும். கடற்காகங்களில் நிலைமை வேறு: சேமுண்ட்சோனியா லாரி, குவாட்ராசெப்ஸ் பங்டாட்டஸ் ஆகிய இரண்டும் பல கடற்காக இனங்களில் பரவியுள்ளன. இக்கூட்டத்தின் அம்ப்ளிசெரா பேரினங்கள் ஆஸ்ட்ரோமெனோபானும் ஆக்டோர்னிதோபிலஸும். ஸ்குவாக்களுக்கு மட்டும் ஹாஃப்னேரியா என்ற தனிப் பேரினமும் உண்டு.

மூன்றாவது, அல்பட்ராஸ், பெட்ரல், ஷியர்வாட்டர் ஆகிய குழாய்மூக்குப் பறவைகள். பேன் வகையில் மிகவும் செழித்த கூட்டம் இதுவே. ஷியர்வாட்டர்களிலும் பெட்ரல்களிலும் நீண்டு மெலிந்த ஹாலிப்யூரஸ், நௌபேட்டஸ், அகன்ற உடலுடைய டிராபெகுலஸ்; சிறு புயற்பெட்ரல்களில் ஹாலிப்யூரஸோடு ஃபிலோசியானஸ்; அல்பட்ராஸ்களில் டோகோபோராய்டஸ், பாராக்லிசிஸ், எபிஸ்பேட்டஸ், ஹாரிசோனியெல்லா. ஹாரிசோனியெல்லா பேன்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஓம்புயிரி பெரிதானால் பேனும் பெரிதாகும் என்ற போக்கை 1915-இல் சுட்டிய ஆஸ்திரேலியரான லான்ஸ்லாட் ஹாரிசனின் பெயராலேயே அந்த விதி இன்றும் அழைக்கப்படுகிறது. புயலுக்குப் பின் நம் பக்கம் ஒரு புயற்பெட்ரலோ ஷியர்வாட்டரோ ஒதுங்கினால், அதன் ஒவ்வொரு இறகையும் பார்ப்பது வீண் உழைப்பாகாது.

நான்காவதான பென்குயின்களில் ஆஸ்ட்ரோகோனியோடஸ், நெசியோடினஸ் என்னும் இரண்டு இஸ்க்னோசெரா பேரினங்களே உள்ளன.

பறவையின் பெயரை மட்டும் நம்பக்கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கான காரணம் இப்போது தெளிவாகும். ஆஸ்ட்ரோமெனோபான் ஆலாவிலும் உண்டு, பெட்ரலிலும் உண்டு. கடற்காகக் கூட்டத்தின் பேரினமாகக் கருதப்படும் சேமுண்ட்சோனியாவின் சில இனங்கள் குழாய்மூக்குப் பறவைகளிலும் நிலையாக வாழ்கின்றன. முன்னொரு காலத்தில் கூட்டங்களுக்கிடையே தாவிச் சென்று குடியேறியவை என்றே அவற்றைக் கருத வேண்டும். அன்சிஸ்ட்ரோனா வாகெல்லி என்ற பெரிய அம்ப்ளிசெரா பேன், பெட்ரல் இனங்கள் பலவற்றில் ஒரே இனமாகவே காணப்படுகிறது.

ஏழாம்படி: இது உண்மையில் அந்தப் பறவையின் பேன்தானா

பேன்களின் உலகப் பட்டியல்களில் அதன் ஓம்புயிரியாகக் குறிக்கப்படாத பறவையில் ஒரு பேன் கிடைத்தால் மகிழ்ச்சி வருவது இயல்பு. அங்கேதான் நிதானம் தேவை. நான்கு காரணங்களால் அது நேரலாம்: புதிய ஓம்புயிரிப் பதிவாக இருக்கலாம், இயற்கையில் தற்செயலாகத் தாவி வந்த ஒற்றைப் பேனாக இருக்கலாம், சேகரித்தவரின் பையிலோ மேசையிலோ கலந்ததாக இருக்கலாம், பறவையின் இனமே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். கடற்காகத்தைத் தின்னும் கழுகில் கடற்காகப் பேன் கிடைப்பதும், ஒரே தீவில் அடுத்தடுத்த வளைகளில் கூடு கட்டும் பெட்ரல்களுக்கிடையே பேன் இடம் மாறுவதும் இரண்டாம் வகை.

ஒரே ஒரு பறவையிலிருந்து கிடைத்த ஒரே ஒரு பேனைக் கொண்டு புதிய பதிவு என்று எழுதக்கூடாது. ஆண், பெண், இளம்பருவம் மூன்றும் கிடைத்தால், அந்தப் பேன் அந்தப் பறவையில் இனம் பெருக்கி வாழ்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகளில், வேறு வேறு நாட்களில், வேறு வேறு இடங்களில் கிடைத்தால் ஐயம் இன்னும் குறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும், ஓம்புயிரி புதியது என்பதனாலேயே பேனுக்கும் புதிய பெயர் இடும் வழக்கம் பரவலாக இருந்ததால், ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் சேர்ந்தன. 1952-இல் ஹாப்கின்ஸும் தெரேசா கிளேயும், 2003-இல் பிரைஸ் குழுவினரும் உலகப் பட்டியல்களைத் தொகுத்தபோது அவற்றில் ஏராளமானவற்றை மற்றொரு பெயரோடு இணைக்க வேண்டியதாயிற்று.

எட்டாம்படி: சிற்றினம் வரை செல்லுதல்

தலையின் நீளம், அகலம், மார்பின் அகலம், வயிற்றின் அகலம், மொத்த நீளம் ஆகியவற்றை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். வயிற்றின் ஒவ்வொரு வளையத்திலும் மேலும் கீழும் உள்ள நுண்முடிகளை எண்ண வேண்டும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பெரிதாக்கி வரைய வேண்டும். நெருங்கிய இனங்களைப் பிரிக்கும் கடைசித் தீர்ப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கையால் வரையும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரையும்போது மட்டுமே, மேலுள்ள முடி எது, ஊடுருவித் தெரியும் கீழுள்ள முடி எது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் நேர்கிறது.

மரபணு ஆய்வுக்கு அனுப்பும்போது பேனை அரைத்துவிடாமல், உடலின் உட்பகுதி மட்டும் கரையும் முறையைக் கேட்டுப் பெற்று, எஞ்சும் உடற்போர்வையை அதே எண்ணுடன் ஸ்லைடில் ஏற்ற வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவே இதற்கு மிகுதியாகப் பயன்படுவது. உருவச் சான்று இல்லாத மரபணு வரிசை, பெயர் மாறும் நாளில் பயனற்றதாகிவிடும்.

ஒன்பதாம்படி: பெயரை எழுதுதலும் ஒப்படைத்தலும்

சேமுண்ட்சோனியா லாரி (ஓ. ஃபாப்ரீசியஸ், 1780) என்று எழுதும்போது, பெயரிட்டவர் பிறைக்குறிக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு: அவர் அந்த இனத்தை விவரித்தபோது வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். இன்றுள்ள பேரினத்திலேயே முதன்முதல் விவரிக்கப்பட்ட இனத்துக்குப் பிறைக்குறி இடக்கூடாது. சிற்றினம் உறுதியாகாதபோது பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. பெக்டினோபைகஸ் என்று மட்டும் எழுதிய சரியான சீட்டு, தவறான சிற்றினப் பெயர் எழுதிய சீட்டைவிட அறிவியலுக்குப் பன்மடங்கு பயன்படும்.

ஸ்லைடின் ஒரு புறச் சீட்டில் ஓம்புயிரி, ஊர், மாவட்டம், நாள், சேகரித்தவர் ஆகியவையும், மறுபுறச் சீட்டில் பேனின் பெயர், பால், இனங்கண்டவர், இனங்கண்ட ஆண்டு ஆகியவையும் இடம்பெற வேண்டும். இனங்கண்டவரின் பெயர் மாறலாம், புதிய சீட்டு ஒட்டப்படலாம். முதற்புறச் சீட்டை மட்டும் யாரும் எக்காலத்திலும் கிழிக்கக்கூடாது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு தொகுதியை வைத்துக்கொண்டு, மற்றொரு தொகுதியை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மண்டல மையம் போன்ற நிலையான சேமிப்பகத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் பதிவெண்ணைக் குறிப்பேட்டிலும் கட்டுரையிலும் எழுத வேண்டும். ஸ்லைடாக்காத மீதிப் பேன்களை எறிந்துவிடாமல், அதே பதிவெண் எழுதிய குப்பியில் 95 சதவீத எத்தனாலில், குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.